கணவரின் பழைய வரிப் பாக்கி, என் ரீஃபண்டைப் பிடிக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம், இருவருக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன் என் கணவர் கான்ட்ராக்டராக இருந்தபோது கட்டாமல் விட்ட வருமான வரி, வட்டியோடு 14,000 டாலராக நிற்கிறது. இந்த வருடம் சேர்ந்து தாக்கல் செய்தோம். வர வேண்டிய 4,200 டாலரை அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். அந்தப் பாக்கிக்கு எடுத்துக்கொண்டது. அதில் பெரும்பகுதி என் சம்பளத்தில் பிடித்த வரி. இனி தனித்தனியாகத் தாக்கல் செய்ய வேண்டியதுதானா?
– வாசகி, எடிசன்

பதில்: அந்த முடிவு அப்புறம். போன பணத்தில் உங்கள் பங்கை முதலில் திரும்பக் கேளுங்கள், அதற்கு வழி இருக்கிறது. அந்தப் பாக்கி அவர் ஒருவருடையது என்பதால் நீங்கள் 'இன்ஜுர்டு ஸ்பௌஸ்', அதாவது துணையின் கடனுக்காகத் தன் ரீஃபண்ட் பங்கை இழந்தவர். படிவம் 8379-ஐ அனுப்ப வேண்டும். அதில் மூன்று பத்திகள்: கூட்டுத் தாக்கலில் காட்டிய தொகை, உங்கள் பங்கு, அவர் பங்கு. சம்பளமும் பிடித்த வரியும் யாருடையதோ அவர் பத்தியில் போகும், நிலையான கழிவுத் தொகையான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் பாதிப் பாதி. இருவரின் டபிள்யூ-2 (சம்பளமும் பிடித்த வரியும் காட்டி அலுவலகம் தரும் படிவம்) நகல்களையும் இணையுங்கள். தனியாக அனுப்பும்போது உங்கள் கையெழுத்து போதும், சுமார் 8 வாரம் ஆகும். 4,200-ம் திரும்பி வராது, உங்கள் பங்கு மட்டுமே வரும். கடன் தீரும்வரை ஒவ்வொரு வருடமும் இந்தப் படிவம் வேண்டும். அடுத்த முறை வரித் தாக்கலோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள். 'இன்னொசென்ட் ஸ்பௌஸ்' என்ற படிவம் 8857 வேறு விஷயத்துக்கு, அதை நிரப்பிவிடாதீர்கள்.

டெக்சஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் தம்பதியின் சம்பாத்தியமே பொதுச் சொத்து, அங்கே பங்கு பிரிப்பது சிக்கல். நல்லவேளை, நியூ ஜெர்சி அந்தப் பட்டியலில் இல்லை.

தனித்தனியாகத் தாக்கல் செய்தால் உங்கள் ரீஃபண்ட் பத்திரம்தான். ஆனால் படிப்புச் செலவுக்கான வரிச் சலுகை, கல்விக் கடன் வட்டிக் கழிவு எல்லாம் போய்விடும். பழைய பாக்கிக்காக மட்டும் இந்த நஷ்டத்தை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆனால் அவரிடம் ஒன்றை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்: இப்போதும் கான்ட்ராக்ட் வருமானம் வருகிறதா, அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி கட்டுகிறாரா? கூட்டுத் தாக்கலில் கையெழுத்துப் போட்டால் அந்த வருடத்து முழு வரிக்கும் நீங்களும் பொறுப்பு. விவாகரத்து ஆனாலும் விடாது. அவர் பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்த வருடம் தனியாகவே செய்யுங்கள். தனித் தாக்கலை மூன்று வருடத்துக்குள் கூட்டாக மாற்றிக்கொள்ளலாம். கூட்டாகச் செய்ததைக் கெடு தாண்டியபின் பிரிக்க முடியாது.

பாக்கியைத் தவணையில் கட்ட அவர் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், 50,000 டாலருக்குள் இருந்தால் கஷ்டமில்லை. தவணை ஒழுங்காகப் போனாலும் ரீஃபண்டைப் பிடிப்பது நிற்காது. அதனால் உங்கள் அலுவலகத்தில் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் டபிள்யூ-4 படிவத்தை மாற்றி, தேவைக்கு மேல் வரி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாகக் குறைத்தால் ஏப்ரலில் அபராதத்தோடு கட்ட நேரும், கணக்குப் போட்டுக் குறையுங்கள்.