வாலிலிருந்து தலைக்கு

ஐயா, வணக்கம்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, அதன் இறுதித் தேர்வான எஸ்பிஎம். இப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் கிராணி (எழுத்தர்) வேலை. போன மாதம் எங்களுக்குச் சரக்கு கொண்டுவரும் சப்ளையர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் ‘யூ மஸ்ட் நாட் கம் பேக் டுமாரோ’ என்று எழுதினேன். ‘நாளைக்குத் திரும்பி வர வேண்டியதில்லை, படிவத்தை நாங்களே அனுப்பிவிடுகிறோம்’ என்பதுதான் என் மனதில் இருந்தது. அவர் மனம் நொந்துபோய், நான் என்ன தப்பு செய்தேன் என்று எங்கள் மேலாளரிடம் கேட்டுவிட்டார். மேலாளர் எல்லார் முன்னாலும் அதை உரக்கப் படித்துக் காட்டினார். கேன், மஸ்ட், ஷுட் தனியாக வந்தால் எனக்குத் தெரிகிறது. புட் ஆஃப், பிக் அப் தனியாக வந்தாலும் தெரிகிறது. இரண்டும் சேர்ந்தால் வாய் கட்டிப்போகிறது. தமிழில் யோசிப்பதை நிறுத்தினால்தான் இங்கிலீஷ் வரும் என்கிறார்கள். என்னால் நிறுத்த முடியவில்லை.

வாசகி, பீடோங்

அன்புள்ள தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். அந்த அறிவுரையைக் கேட்டுக் கேட்டே நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் வாய் திறக்காமல் போயிருக்கிறார்கள்.

நீங்கள் எழுதிய வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. மஸ்ட் நாட், அதன் பின் வெறும் கம், அதன் பின் பேக். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. பொருள்தான் வேறு பக்கம் போய்விட்டது. மஸ்ட் என்றால் ‘வேண்டும்’. ஆனால் மஸ்ட் நாட் என்றால் ‘கூடாது’. ‘வேண்டியதில்லை’ என்பதற்கு டோன்ட் ஹேவ் டு, அல்லது நீட் நாட். நமக்கு ஏன் குழம்புகிறது என்றால், இரண்டுக்கும் நடுவில் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறோம். “அடுப்புகிட்ட போக வேண்டாம்” என்று அம்மா சொன்னால் அது தடை. “நீ வர வேண்டாம், நானே வர்றேன்” என்று அதே அம்மா சொன்னால் அது சலுகை. குரலை வைத்தே நாம் பிரித்துக்கொள்கிறோம். வாட்ஸ்அப்பில் குரல் கிடையாது. எழுதுவதற்கு முன் கூடாதா, வேண்டியதில்லையா என்று தமிழிலேயே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பாருங்கள், இதற்கே தமிழ் யோசனை தேவைப்படுகிறது.

இனி சேர்ந்து வரும் விஷயம். கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு எடுத்த காலத்தில், நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் மைட், ஹேவ், கம், பேக் என்று தாளுக்கு ஒரு சொல்லாக எழுதித் தரையில் வரிசையாக வைத்தேன். அவன் திரும்பி வந்திருக்கலாம் என்பதற்கு இங்கிலீஷ் அது. பிள்ளைகள் முழித்தார்கள். ஒரு சிறுமி மட்டும் குனிந்து, கடைசித் தாளில் விரலை வைத்து வலமிருந்து இடமாகத் தொட்டுக்கொண்டே போனாள். பேக், திரும்பி. கம், வந்து. ஹேவ், இருக்க. மைட், லாம். நிமிர்ந்து, “சார், இது நம்ம வந்திருக்கலாம்தான், வாலுலேர்ந்து படிக்கணும்” என்றாள். நான் பல வருடம் பாடம் நடத்தியும் எனக்கு அது அதுவரை கண்ணில் படவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள். உள்ளே வரலாமா: மே ஐ கம் இன். எழுந்து நிற்க வேண்டும்: மஸ்ட் ஸ்டாண்ட் அப். தள்ளிப்போடக் கூடாது: ஷுட் நாட் புட் ஆஃப். நம்முடைய ‘தள்ளி’, ‘எழுந்து’, ‘உள்ளே’ செய்யும் வேலையை அங்கே ஆஃப், அப், இன் செய்கின்றன. நம் ‘லாம்’, ‘வேண்டும்’, ‘கூடாது’ கடைசியில் வந்து உட்காருகின்றன, அவர்களுடையவை முதலில். போனதைச் சொல்லும்போது நாம் ‘வந்து’, ‘போய்’ என்று வினையை மாற்றுவதுபோல, ஹேவ் வந்தால் அவர்களும் வினையின் மூன்றாம் வடிவத்துக்குப் போகிறார்கள். திரும்பிப் போயிருக்க வேண்டும் என்பது ஷுட் ஹேவ் கான் பேக். பேச்சில் அந்த ஹேவ் தேய்ந்து ‘ஓவ்’ (of) போலக் கேட்கும். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட அதை ஓவ் என்றே தப்பாக எழுதிவிடுவதுண்டு.

‘ஹி கேன் பிக்ஸ் அப்’ என்று எஸ் போடும் பிழையும் இதிலேயே தீரும். நான் வருகிறேன், அவன் வருகிறான் என்று மாற்றுகிற நாம், லாம் போட்டால் மாற்றுவதில்லை. நான் வரலாம், அவன் வரலாம், அவர்கள் வரலாம். வரலாமான் என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. கேனுக்குப் பின்னாலும் அப்படித்தான், வினை மொட்டையாக நிற்கும். இந்த கேன் பழைய இங்கிலீஷில் ‘தெரியும்’ என்ற பொருளில் இருந்த சொல். எனக்கு நீந்தத் தெரியும் என்று நாம் இன்றும் சொல்கிறோமே, ஏறக்குறைய அதேதான். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

எல்லாம் இப்படி நேராக வராது. கிவ் அப் (கைவிடு), டர்ன் டவுன் (மறு), புட் அப் வித் (பொறுத்துக்கொள்) போன்றவற்றை உடைத்துப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. தட்டிக்கழி என்பதை நாம் தட்டு, கழி என்று உடைத்தா கற்றோம்? முழுதாகத்தான் வாங்கிக்கொண்டோம். அவற்றையும் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மலாய்க்கார நண்பரிடம் ‘போலே?’ (முடியுமா?) என்று கேட்டுப் பழகிய நாக்கு, இங்கிலீஷிலும் ‘கேன் ஆ?’, ‘கேன் லா’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும். கடைத்தெருவுக்கு அது போதும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் ‘கேன் யூ ஆஃப் த லைட்?’ என்று கேட்கிறோமே, அதில் வினையே காணாமல் போய்விடுகிறது. டர்ன் ஆஃப், அல்லது ஸ்விட்ச் ஆஃப். ஆபீஸ் கடிதத்தில் அந்த ஒரு சொல்லை விடாதீர்கள்.

‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ வந்தால் மட்டும் இடம் கவனியுங்கள். புட் ஆஃப் த மீட்டிங், புட் த மீட்டிங் ஆஃப், இரண்டும் சரி. இட் என்றால் புட் இட் ஆஃப் மட்டுமே, புட் ஆஃப் இட் கிடையாது. கேன் யூ பிக் மீ அப் என்பதும் அப்படித்தான். ஆனால் லுக் ஆஃப்டர் (கவனித்துக்கொள்) இப்படிப் பிளக்காது, லுக் ஆஃப்டர் ஹேர் என்றுதான் வரும். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் படிய வேண்டும்.

மேலாளர் படித்துக் காட்டியதைப் பற்றி. என் அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். அந்தக் காலத்தில் தோட்டத்து இங்கிலீஷ் துரை பங்களாவிலும் ஆபீஸிலும்தான் இருந்தது. கிராணிகள் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள். அப்பா தமக்கு வந்த கடிதத்தைப் பிரித்துக்கொண்டு ஆபீஸ் சன்னலுக்கு வெளியே, யாராவது படித்துச் சொல்வார்கள் என்று நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் பிறந்த நீங்கள் இன்று அந்தக் கிராணி மேசையில் உட்கார்ந்து நீங்களே எழுதுகிறீர்கள். ஒரு ‘மஸ்ட் நாட்’ பொருள் மாறியதற்காக அதை உங்களிடமிருந்து யாரும் பிடுங்க விடாதீர்கள்.

அந்த சப்ளையருக்கு இன்னும் நேரடியாக ஒன்றும் எழுதவில்லை என்றால், இன்றே இப்படி அனுப்புங்கள்: ‘சாரி, ஐ மென்ட் யூ டிடின்ட் ஹேவ் டு கம் பேக். யூ கேன் ட்ராப் இன் எனி டைம்.’ திரும்பி வர வேண்டியதில்லை என்றுதான் சொல்ல வந்தேன், எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்.