லேவியராகமத்தில் நின்றுபோன வாசிப்பு

அன்புள்ள ஐயா,

நான் தக்கலைக்கு அருகில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சபையிலேயே வளர்ந்தவள். ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாட வசனங்களுக்குப் பரிசு வாங்கியவள். ஆனாலும் வேதாகமத்தை முதற்பக்கத்திலிருந்து முடிவு வரை ஒருமுறைகூடப் படித்ததில்லை. மகன் வாங்கித் தந்த, குறிப்புரைகளுடன் கூடிய பதிப்பை வைத்துக்கொண்டு இவ்வாண்டு தொடங்கினேன். ஆதியாகமமும் யாத்திராகமமும் விரைவாகச் சென்றன. மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் பலி விதிகளுக்குள் நுழைந்ததும் வாசிப்பு நின்றுவிட்டது. சில பக்கங்களில் வசனம் நான்கு வரி, குறிப்பு நாற்பது வரி. எதை முதலில் படிப்பதென்றே தெரியவில்லை. சலிப்போடு மாற்கு சுவிசேஷத்தைப் புரட்டியபோது, 16ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் மிகப் பழைய பிரதிகளில் இல்லை என்ற குறிப்பு கண்ணில் பட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இத்தகைய குறிப்புகளைப் படிக்கத்தான் வேண்டுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

படிக்கத்தான் வேண்டும் என்பதே என் பதில். ஆனால் மூலத்துக்குப் பிறகு படிக்க வேண்டும். ஓர் அதிகாரத்தை முதலிலிருந்து இறுதி வரை, முடிந்தால் வாய்விட்டு, குறிப்புகளின் பக்கம் கண்ணைத் திருப்பாமல் வாசியுங்கள். புரியாத இடங்களில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போடுங்கள். அதன்பின் கோடு போட்ட இடங்களுக்குரிய குறிப்பைப் பாருங்கள். கேள்வி உங்களுக்குள் எழுந்த பிறகு வரும் குறிப்புதான் மனத்தில் தங்கும். உரையோடு நூலைப் படிப்பது தமிழர்களாகிய நமக்குப் புதிதன்று. குறளின் இரண்டு அடிகளுக்குக் கீழே பரிமேலழகர் பத்து வரி எழுதியிருப்பார். மணக்குடவர் அதே குறளுக்கு வேறு பொருள் சொல்லியிருப்பார். இதனால் குறள் நமக்குக் கலங்கிப் போவதில்லை. வள்ளுவர் சொன்னது எது, உரைகாரர் சொன்னது எது என்ற வேறுபாட்டைப் பள்ளிப் பருவத்திலேயே கற்றுக்கொண்டோம். அந்தப் பழக்கத்தை வேதாகமத்துக்கும் கொண்டுவாருங்கள். நாள் ஒன்றுக்கு மூன்று, நான்கு அதிகாரம் என்று 1189 அதிகாரங்களையும் ஓராண்டுக்குள் முடிக்கச் சொல்லும் அட்டவணைகளை இந்த முதல் வாசிப்புக்கு ஒதுக்கிவையுங்கள்.

குறிப்புகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. அளவு, நாணயம், ஊர், வழக்கம், எபிரேயச் சொல்லின் பொருள் ஆகியவற்றைச் சொல்லும் குறிப்புகளைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம். இந்த வசனத்திலிருந்து இன்ன கொள்கை பெறப்படுகிறது என்று சொல்லும் குறிப்பை, கற்றறிந்த ஒரு மனிதரின் கருத்தாக மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 1560இல் வெளிவந்த ஜெனீவா வேதாகமம் ஓரக்குறிப்புகளுக்குப் பெயர்பெற்றது. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில், எபிரேய ஆண் குழந்தைகளைக் கொன்றுவிட வேண்டும் என்ற பார்வோனின் கட்டளைக்குச் சிப்பிராள், பூவாள் என்னும் இரண்டு மருத்துவச்சிகள் கீழ்ப்படியவில்லை அல்லவா? அவர்கள் கீழ்ப்படியாதது நியாயமே என்று அங்கே ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது. அரசனுக்கு எதிராக நடப்பதை அந்தக் குறிப்பு அனுமதிக்கிறது என்று இங்கிலாந்தின் மன்னர் ஜேம்ஸ் சினந்தார். அவருடைய ஆணையால் 1611இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் இத்தகைய விளக்கக் குறிப்புகளுக்கே இடம் இல்லாமல் போயிற்று. உலகம் படைக்கப்பட்ட ஆண்டு என்று பேராயர் அஷர் 17ஆம் நூற்றாண்டில் கணக்கிட்டுச் சொன்ன கி.மு. 4004, ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் நெடுங்காலம் அச்சாகி வந்ததால், அதையும் வேதவாக்காகவே எண்ணியவர்கள் பலர். ஆதியாகமத்தில் அப்படி ஓர் ஆண்டு எங்கும் சொல்லப்படவில்லை.

இனி லேவியராகமத்துக்கு வருகிறேன். நீங்கள் எந்த அதிகாரத்தில் நின்றீர்கள் என்று எழுதவில்லை. 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளை பெற்ற தாய் சுத்திகரிப்புக்காக ஓர் ஆட்டுக்குட்டியையும் ஒரு பறவையையும் கொண்டுவர வேண்டும் என்றும், ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவள் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம் என்றும் அங்கே விதி இருக்கிறது. அந்த இடத்தில் உங்கள் பதிப்பு லூக்கா 2:24 என்று ஒரு மேற்கோள் எண்ணைக் காட்டக்கூடும். அதைப் புரட்டினால், குழந்தை இயேசுவை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுவரும் மரியாளின் காணிக்கையாக அந்தப் பறவைகளே சொல்லப்பட்டிருக்கும். அந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம் என்று லூக்கா வெளிப்படையாக எழுதவில்லை. லேவியராகமத்தைப் படித்தவர்களுக்கு அது தானாகவே விளங்கியிருக்கும். கிறிஸ்துமஸ் ஆராதனைகளில் எத்தனையோ முறை கேட்ட பகுதிதான். இந்த விதியைத் தேடிப் படிக்கும்வரை எனக்கு அந்த இரண்டு பறவைகள் கண்ணில் பட்டதே இல்லை.

அடுத்து 19ஆம் அதிகாரம். அறுவடையின்போது வயலின் ஓரத்தை முற்றிலும் அறுத்துவிடாதே, சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்காதே, எளியவனுக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்கிறது நியாயப்பிரமாணம். இதன் தொடர்ச்சியை ரூத்தின் புத்தகத்தில் காணலாம். ரூத் பெத்லகேமில் வாற்கோதுமை அறுப்புக்காலத்தில் கதிர் பொறுக்கிப் பிழைக்கிறாள். ஒருநாள் பொறுக்கியதைத் தட்டி அளந்தபோது அது ஏறக்குறைய ஓர் எப்பா இருந்தது என்பதையும், எப்பா என்பது சுமார் 22 லிட்டர் என்பதையும் ஒரு குறிப்பிலிருந்து அறிந்துகொண்டு, அன்று திண்ணையில் இருந்த என் பாட்டியிடம் சொன்னேன். இளமையில் நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ அறுப்புக்குப் போனவர் அவர். அறுப்பு முடிந்த வயலில் கதிர் பொறுக்கியும் இருக்கிறார். எழுத்து தெரியாது. சற்று யோசித்துவிட்டு, "பொறுக்கினா அவ்வளவு கெடைக்காது மக்களே, ஆரோ வேணும்னே விட்டுக் குடுத்திருக்கணும்" என்றார். நான் மீண்டும் இரண்டாம் அதிகாரத்தை எடுத்தேன். 16ஆம் வசனத்தில் வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் தன் வேலைக்காரர்களிடம், அவள் பொறுக்கிக்கொள்ளும்படி அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடச் சொல்கிறான். முதல்முறை படித்தபோது நான் அதைக் கவனியாமல் கடந்துவிட்டிருந்தேன். குறிப்பு எனக்கு லிட்டர் கணக்கைத் தந்தது. அந்தக் கணக்கின் பொருளைச் சொல்ல, வயலில் குனிந்து நின்ற ஒருவர் தேவைப்பட்டார். நம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு வயலும் கடலும் மழையும் தெரியும். உங்கள் குறிப்பாசிரியருக்கு அவை ஒருவேளை நூல்களின் வழியாகவே தெரிந்திருக்கலாம். உங்கள் அறிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ரூத் மோவாபியப் பெண் என்பதையும் மறவாதீர்கள். மோவாபியர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23ஆம் அதிகாரம் சொல்ல, ரூத்தின் இறுதி வசனங்களோ அவளைத் தாவீதின் கொள்ளுப்பாட்டியாகக் காட்டுகின்றன. சில குறிப்புகள் இந்த முரணை இரண்டே வரியில் தீர்த்துவிடும். நீங்கள் தீர்த்துக்கொள்ள அவசரப்பட வேண்டாம். பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு 1719இல் தரங்கம்பாடியில் மறைந்தபோது ரூத் வரைதான் வந்திருந்தார். அதற்கப்பால் சூல்ச் என்பவர் மொழிபெயர்த்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் அந்தச் சிறிய புத்தகம் எனக்கு இன்னும் நெருக்கமாகிறது.

மாற்குவின் குறிப்பு உங்கள் உறக்கத்தைக் கெடுத்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் சிறிதாக எண்ணவில்லை. குழந்தைப் பருவத்திலிருந்து நம்பிப் படித்த பக்கத்தின் அடியில் அப்படி ஒரு வரியைக் கண்டால் மனம் கலங்கத்தான் செய்யும். அந்தக் குறிப்பு சொல்வது உண்மை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் பிரதி, வாத்திக்கான் பிரதி ஆகிய இரண்டு கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளிலும் மாற்கு சுவிசேஷம் 16:8 உடன் முடிகிறது. பிற்காலப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அடுத்த பன்னிரண்டு வசனங்களும் உள்ளன. இரண்டாம் நூற்றாண்டிலேயே திருச்சபைத் தந்தை இரேனியு அவற்றுள் ஒன்றை எடுத்தாண்டிருப்பதால் அவையும் மிகப் பழையவையே. நீங்கள் தமிழ் கற்பித்தவராயின், உ.வே. சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த நூல்களில் பிரதிபேதங்களைப் பார்த்திருப்பீர்கள். ஏட்டில் கண்டதை மறைக்காமல் அவர் அச்சிட்டதால்தான் அவருடைய பதிப்பை நம்புகிறோம். உங்கள் பதிப்பாசிரியரும் அந்த நேர்மையோடுதான் அந்த வரியைச் சேர்த்திருக்கிறார். உயிர்த்தெழுதலின் செய்தியோ அந்தப் பன்னிரண்டு வசனங்களை மட்டும் சார்ந்ததன்று. மத்தேயு, லூக்கா, யோவான் ஆகியோரின் சுவிசேஷங்களிலும், கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்திலும் அது இருக்கிறது. மாற்கு 16இன் ஆறாம் வசனத்திலும், கல்லறைக்குள் வெண்மையான அங்கி தரித்து உட்கார்ந்திருந்த வாலிபன் அதை அந்தப் பெண்களுக்குச் சொல்லிவிடுகிறான்.

ஒருநாள் மாலை அந்த அதிகாரத்தை எட்டாம் வசனம் வரை மட்டும் வாசித்து நிறுத்திப் பாருங்கள். பெண்கள் நடுங்கித் திகைத்துக் கல்லறையை விட்டு ஓடுகிறார்கள். பயந்திருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி நிறுத்திப் படித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள். அதற்குமுன் லேவியராகமம் 19ஐ ஒருமுறை படித்துவிடுங்கள்.

அன்புடன்