சைலன்சர் பேக்கிங் அடிக்கடி போகிறதா? பழைய வண்டிக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

இன்ஜினிலிருந்து வரும் புகையைச் சேர்த்து அனுப்பும் மேனிஃபோல்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவில், கசிவைத் தடுக்க வைக்கும் பேக்கிங் போய்ப் புகை கசிவது பற்றி டெல்டா பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன். கார்புரேட்டர், கிளட்ச் எல்லாம் இன்னொரு நாள்.

மன்னார்குடி: அண்ணே, பழைய மாருதி 800. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம், சூடானதும் குறைந்துவிடுகிறது. ஒரு மெக்கானிக் டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்கிறார், இன்னொருவர் பேக்கிங் என்கிறார்.

நான் இரண்டாமவர் பக்கம். இரும்பு சூடாகி விரியும்போது சின்ன இடைவெளி மூடிக்கொள்ளும், அதனால் சத்தம் அடங்கும். டேப்பட் சத்தம் பெரும்பாலும் சூடான பிறகும் கேட்கும். உறுதி செய்ய வேண்டுமா, வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, பின்னால் புகை வரும் வாயைக் கனத்த ஈரத்துணியால் சில நொடி அடைக்கச் சொல்லுங்கள், கசிவு இருந்தால் முன்பக்கம் உஸ்ஸென்று கேட்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் இணைப்பைச் சுற்றிக் கரி விசிறியடித்த தடமும் தெரியும்.

கும்பகோணம்: டீசல் அம்பாசடர். வருடத்துக்கு ஒரு பேக்கிங் மாற்றுகிறேன், திரும்பத் திரும்பப் போகிறது. இப்போது நட்டும் துருப்பிடித்து அசைய மாட்டேன் என்கிறது. ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) முறிந்துவிடுமோ என்று பயம்.

முதலில் ஒரு விஷயம். பேக்கிங்கைத் திட்டுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களைப் பாருங்கள். பின்னால் ஒரு ரப்பர் அறுந்தாலே மொத்தக் குழாயின் கனமும் ஆட்டமும் முன்னால் இருக்கும் அந்த இணைப்பின் மேல் விழும். இன்ஜின் மவுண்டிங் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். என்னிடம் வரும் "பேக்கிங் நிற்கவில்லை" புகார்களில் நிறைய இப்படித்தான் முடிகிறது, ஆனால் முன்னால் சத்தம் வருகிறது என்பதால் பின்னால் யாரும் பார்ப்பதில்லை.

சரி, நட்டுக்கு வருவோம். வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு நீக்கும் எண்ணெயை முந்தைய நாள் மாலையே அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் ஆறுமுனை பாக்ஸ் ஸ்பானர் போட்டு, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு துளி அசைத்து, அப்புறம் கழற்றும் பக்கம், மறுபடி இறுக்கும் பக்கம் என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும், ஒரே மூச்சில் இழுத்தால் நீங்கள் பயந்தது நடந்துவிடும். அசையவே இல்லையென்றால் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, பக்கத்தில் டீசல் குழாய் இல்லையென்று பார்த்துக்கொண்டு, கேஸ் வைத்திருக்கும் பட்டறையில் நட்டை மட்டும் சூடு காட்டச் சொல்லுங்கள். ஸ்டட் முறிந்தே போனாலும் நுனி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்துக் கழற்றிவிடலாம். மட்டமாக முறிந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், வீட்டில் எக்ஸ்ட்ராக்டர் (முறிந்த ஸ்டட்டைக் கழற்றும் கருவி) போட்டு அதுவும் உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது.

மாட்டும்போது பிளேஞ்ச் (இணைப்பில் பேக்கிங் உட்காரும் தட்டையான பகுதி) முகத்தில் நேர் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் மட்டம் எடுக்காமல் புது பேக்கிங் போடுவது வீண். பித்தளை நட்டு கிடைத்தால் அதையே போடுங்கள், அடுத்த முறை துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது. மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒருமுறை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, முழுக்க ஆறிய பிறகு மறுபடி ஒரு இறுக்கு. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நாகப்பட்டினம்: எம்-சீல் பூசினேன், உடனே உதிர்ந்துவிட்டது. எந்தப் பசை நிற்கும் ஐயா?

பெட்ரோல் வண்டியில் அந்த இடத்துப் புகை 600 டிகிரி செல்சியஸையும் தாண்டும், எம்-சீல் என்ன செய்யும் பாவம். சைலன்சருக்கென்றே விற்கும் பேஸ்ட் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழையும் இடத்துக்கு உதவும், பிளேஞ்சுக்கு அது பதில் இல்லை. உங்கள் ஊர் உப்புக்காற்றில் குழாயே மெலிந்திருக்கும். ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், சொத்தென்று கேட்டால் அந்தத் துண்டை வெட்டி மாற்றுவதுதான் வழி. மாற்றும்போது ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வைத்து வெல்டிங் வேண்டாம், அந்தத் துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொண்டுவரும்.

திருவாரூர்: டிராக்டரில் மேனிஃபோல்டே விரிசல் விட்டிருக்கிறது. சாதாரண ராடில் வெல்டிங் அடித்தேன், பக்கத்திலேயே இன்னொரு விரிசல்.

வார்ப்பிரும்பு அப்படித்தான். நிக்கல் ராடு வேண்டும், முன்கூட்டியே சூடாக்க வேண்டும், மெதுவாக ஆறவிட வேண்டும். செலவைக் கூட்டிப் பார்த்தால் மேனிஃபோல்டு மாற்றுவது மேல். சேற்றுழவு முடித்த கையோடு சூடாக இருக்கும் இன்ஜின் மேல் வாய்க்கால் தண்ணீரை வாளியோடு ஊற்றிக் கழுவுகிற பழக்கம் நம் பக்கம் உண்டே, இருந்தால் அதை நிறுத்துங்கள். இன்னொன்று, அறுவடை நேரத்தில் இந்தக் கசிவோடு வைக்கோல் பக்கம் டிராக்டரைக் கொண்டுபோகாதீர்கள், நெருப்புப்பொறி வெளியே வரும்.

திருவையாறு: பழைய புல்லட், 80களின் வண்டி. எந்தக் கடையிலும் சைலன்சர் முன் பேக்கிங் இல்லை என்கிறார்கள்.

அந்த ஹெட்டில் பேக்கிங்கே கிடையாது தம்பி, கடைக்காரர் சொன்னது சரி. ஹெட்டிலிருந்து வளைந்து வரும் பெண்டு பைப் நேராக உள்ளே சொருகி நிற்கும். அது லூசானால் ஆக்சிலேட்டரை விடும்போது காற்றை உள்ளிழுத்துப் பட் பட்டென்று வெடிக்கும். குழாய் வாயை லேசாக விரிவாக்கி, தாங்கும் பிராக்கெட்டைச் சரிசெய்தால் போதும்.

பேராவூரணி: அண்ணா, எங்கள் ஆம்னியில் தஞ்சாவூர் போய் வந்தாலே பிள்ளைகளுக்குத் தலைவலி, குமட்டல். புகை வாசனையும் வருவதில்லை.

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் தங்கச்சி. ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, அதனால் மூக்கை நம்ப முடியாது. பயண மயக்கமாகவும் இருக்கலாம், ஆனால் வண்டியைவிட்டு இறங்கியதும் எல்லோருக்கும் தெளிகிறது என்றால் கசிவைத்தான் சந்தேகிப்பேன். பார்த்துச் சரிசெய்யும்வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள், கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் இன்ஜின் மூடியின் ரப்பர் பீடிங்கையும் மாற்றச் சொல்லுங்கள். தலைவலி கடுமையாக இருந்தால் டாக்டரிடம் இந்த வண்டி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மயிலாடுதுறை: சைலன்சர் அடியில் சின்ன ஓட்டை, காலையில் தண்ணீர் சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

ஓரம் பிசிறில்லாமல் வட்டமாக இருந்தால் அது கம்பெனியே வைத்த வடிகால். அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கித் துரு தின்னும்.

ஒரத்தநாடு: என் ஜீப்புக்குப் பேக்கிங் கிடைக்கவில்லை. ஷீட்டில் வெட்டிப் போடலாமா? ஒன்றுக்கு இரண்டாக வைக்கலாமா?

வெட்டலாம், நடுவில் தகடு வைத்த சூடு தாங்கும் ஷீட்டாக இருக்க வேண்டும். ஆயில் சம்புக்கு (இன்ஜின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) போடும் பேப்பர் எரிந்துவிடும். இரண்டாக வைக்காதீர்கள், இடையில் இன்னொரு கசிவு வழி உண்டாகும். பழைய பேக்கிங் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதனால் காய்ந்தபடி சுரண்டாமல், கம்ப்ரசர் காற்றும் அடிக்காமல், தண்ணீரில் நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியோடு பையில் கட்டிப் போடுங்கள்.