ரேஷன் கார்டு இந்தப் பக்கம், ஓட்டு வீடு அந்தப் பக்கம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வட்டாரத்திலிருந்து வந்தவற்றில் இந்த முறை வீட்டுத் திட்டக் கேள்விகள்தான் அதிகம்.

கே: எங்கள் ரேஷன் கார்டு கேரளப் பக்கம் எருத்தேம்பதியில். பிறந்த வீட்டில் எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஓட்டு வீடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லைஃப் திட்டத்தில் வீடு கிடைக்குமா?

ப: கஷ்டம். எல்லை தாண்டி இருக்கும் வீடு கணக்கில் வராது என்று நம் பக்கத்தில் பலருக்கு நினைப்பு. லைஃப் என்பது வீடில்லாதவர்களுக்கான கேரள அரசுத் திட்டம். அதில் ஒரு பகுதி வீடுகள் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் பணத்தையும் சேர்த்துக் கட்டப்படுகின்றன. பிரதமர் திட்டத்தில், குடும்பத்தில் யார் பெயரிலாவது, நாட்டின் எந்த மூலையிலாவது பக்கா வீடு (கெட்டிச் சுவரும் கூரையும் உள்ள வீடு) இருந்தால் தகுதி போய்விடும். செங்கல் சுவரும் மங்களூர் ஓடும் உள்ள வீட்டைக் குடிசை என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் லைஃப் விதி. பிழைப்புக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்குக் கார் வைத்திருந்தாலும் ஆகாது.

கே: லைஃப் திட்டத்தில் கிடைக்கும் 4 லட்சத்தில் வீடு முடியுமா?

ப: 400 சதுர அடி வீடு என்று வையுங்கள். மேஸ்திரி அடிக்கு 2,000 சொன்னாலே 8 லட்சம். ஆகவே பாதி உங்கள் கைக்காசு என்று நினைத்துக்கொண்டே இறங்குங்கள். அந்த 4 லட்சமும் மொத்தமாக வராது. ஒப்பந்தம் போட்டதும் 10 சதவீதம், அதாவது 40,000. அஸ்திவாரம் முடிந்ததும் 1,60,000. சுவர் எழும்பியதும் இன்னொரு 1,60,000. மீதி 40,000 வேலை முடிந்த பிறகு.

சிக்கல் முதல் தவணையில்தான். நம் சித்தூர் தாலுகாவின் கிழக்கே கரிசல் மண். மழையில் ஊதும், வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். கெட்டித் தரை கிடைக்கும்வரை தோண்டியே ஆக வேண்டும். என் சித்தப்பா வீட்டுக்குக் கல் இறக்கிய அன்றே அந்த 40,000 தீர்ந்துவிட்டது. அடுத்த பணத்துக்கு அஸ்திவாரத்தைப் பார்த்து ஒப்புதல் தர ஆள் வர வேண்டும். அவர் வருவதற்குள் மழை பிடித்து, குழியெல்லாம் குளமாகிவிட்டது. தண்ணீர் இறைத்த மோட்டார் வாடகையும் சித்தப்பா தலையில்தான். மாசி, பங்குனியில் வேலையைத் தொடங்குங்கள். அஸ்திவாரச் செலவு முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இன்னொன்று, ‘ஒரு ரூம் சேர்த்துப் போட்டுடலாம்’ என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். கூரை போடாமல் நிற்கிற வீடுகளில் பல அப்படி நின்றவைதான்.

கே: விண்ணப்பம் முழுக்க மலையாளம். தமிழில் மனு கொடுக்கலாமா?

ப: தாராளமாக. 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே சிறுபான்மைப் பகுதித் தமிழர்களுக்கு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் கரம் (நில வரி) கட்டின ரசீதிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றில் ‘பழனிச்சாமி’, மற்றொன்றில் ‘பழனிசுவாமி’ என்றிருந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

கே: பைக்கும் ஃபிரிட்ஜும் இருந்தால் தள்ளிவிடுவார்களாமே?

ப: பழைய கதை. பிரதமர் கிராம வீட்டுத் திட்டத்தில் 2024-இல் அந்த இரண்டு நிபந்தனைகளையும் எடுத்துவிட்டார்கள். குடும்பத்தில் ஒருவரின் மாத வருமான வரம்பும் 10,000-லிருந்து 15,000 ஆனது. ஆட்டோ, கார், டிராக்டர் இருந்தால் இன்னும் தடைதான்.

கே: தங்கை ஆனைமலைப் பக்கம் குடிசையில் இருக்கிறாள். அவளுக்கு?

ப: அவர் தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்காரர் என்றால் அங்கே கலைஞரின் கனவு இல்லம் என்ற வீட்டுத் திட்டம். 360 சதுர அடி, 3.50 லட்சம். குடியிருப்பது குடிசையாகவும், இடம் பட்டா உள்ளதாகவும் இருக்க வேண்டும். கிராம சபையில் பெயர் வந்ததா என்று ஊராட்சி ஆபீசில் கேட்கச் சொல்லுங்கள்.

கே: பட்டியலில் பெயர் சேர்க்க ஒருவர் 5,000 கேட்கிறார். கொடுக்கலாமா?

ப: வேண்டாம். விண்ணப்பம் போட்டுத் தரும் அரசு சேவை மையமான அக்ஷயா சென்டரில் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு ரசீது உண்டு. இந்த 5,000-க்கு ரசீது கேட்டுப் பாருங்கள், ஆள் அப்புறம் உங்கள் தெருப் பக்கமே வரமாட்டார்.