ஏரியில் தங்கும் காட்டு வாத்து

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் கோடையிலும் காட்டு வாத்துகள் தெரிகின்றன. வலசை வந்தவை திரும்பவில்லையா?

பதில்: அவை பெரும்பாலும் இங்கேயே வாழும் புள்ளிமூக்கு வாத்துகளாக இருக்கும். அலகைப் பாருங்கள்: கறுப்பு அலகு, நுனி மட்டும் மஞ்சள், நெற்றியோரம் அலகின் அடியில் இருபுறமும் செம்புள்ளி. பெட்டைக்குப் புள்ளி மங்கலாக இருப்பதால் மஞ்சள் நுனியை நம்புவதே நல்லது. பறந்தால் இறக்கையில் பச்சைப் பட்டை மின்னும்.

நீர் கிடைப்பதைப் பொறுத்தே இனப்பெருக்கம். கூடு மரத்தில் இல்லை, கரையோரக் கோரை, புல்லுக்குள் தரையில். 8 முதல் 14 முட்டைகள். பெட்டை மட்டும் ஏறத்தாழ 24 நாள் அடைகாக்கும். இரை தேடப் போகையில் தன் மென்தூவியால் முட்டைகளை மூடிவிடும். ஆகவே மூடிய கூட்டைக் கைவிட்டதென நினைத்து முட்டைகளை எடுத்துவிடாதீர்கள். அந்தச் சமயத்தில் கோரை அறுத்தால் கூடு வெளியே தெரிந்து, காகமும் நாயும் முட்டைகளைத் தின்றுவிடும்.