எங்கள் கிராமத்தில் 200 மனைகளோடு புதுக் குடியிருப்பு வரப்போகிறது, ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. உங்கள் ஊரில் இப்படி நடந்ததுண்டா? மக்கள் என்ன நினைத்தார்கள்?

நடந்தது. வந்தவாசிக்கும் செய்யாறுக்கும் நடுவில், ஒரு ஏரியை நம்பியிருக்கும் ஊர் எங்களுடையது. 350 வீடு இருக்கும். 2023 தொடக்கத்தில் சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் வந்து 14 ஏக்கருக்கு முன்பணம் கொடுத்தது. மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருக்கும் ஒன்றரை ஏக்கர் அந்த 14 ஏக்கருக்குக் கீழே, கடைமடையில் இருக்கிறது. அதனால் நான் சொல்வதை ஒரு பக்கத்து ஆள் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்கிறீர்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். விற்கிறவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று டீக்கடையில் தினமும் சண்டை. பிறகு மனு எழுதுவதற்காக நானும் இன்னும் மூன்று பேரும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தோம். அப்போதுதான் விஷயம் புரிந்தது. நிலம் தண்ணீருக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, நிலமே இல்லையா, பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு வேறாக இருந்தது.

விற்றவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். மூன்று ஏக்கர் நஞ்சை. சொர்ணவாரி, சம்பா என்று இரண்டு போகமும் நெல் விளைந்த நிலம். கோபத்தோடுதான் அவரைப் பார்க்கப் போனேன். "நாத்து நட ஆள் கேட்டா பத்து நாள் கழிச்சி வராங்க. அதுக்குள்ள நாத்து முத்திப் போவுது. அறுக்குற மிஷினுக்குக் காத்துக் கெடக்கணும். எனக்கு அறுபத்தெட்டு வயசு ஆவுது. மண்ண வித்துட்டான்னு பேசறவங்க யாராவது ஒரு நாள் என்கூட சேத்துல எறங்கினீங்களாடா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் பிள்ளைகள் ஒருவன் ஒரகடத்தில், ஒருவன் பெங்களூரில். நடவுக்கு வந்த பெண்கள் இப்போது விடியற்காலையில் செய்யாறு சிப்காட்டில், அதாவது அரசுத் தொழிற்பேட்டையில் இருக்கும் ஷூ கம்பெனியின் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். அந்தச் சம்பளம் மாதாமாதம் வருகிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதே சிப்காட்டால்தான் எங்கள் பக்கம் சென்ட் விலையும் ஏறியது. பத்து வருடம் நெல் போட்டாலும் பார்க்க முடியாத பணத்தை ஒருவர் கையில் வைத்துக் காட்டும்போது, முட்டி வலியோடு இருக்கும் மனிதர் என்ன செய்வார்?

அந்த 2023இல்தான் பக்கத்திலேயே மேல்மா சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்து விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். நவம்பரில் சிலர்மீது குண்டர் சட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் பலருக்கு அந்தப் பயம் இருந்தது, மனுவில் கையெழுத்துப் போடவே தயங்கினார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு. அங்கே விவசாயிகளின் நிலத்தை அரசு எடுக்கப் பார்த்தது. இங்கே சொந்தக்காரரே விரும்பி விற்கிறார். விற்காதே என்று சொல்ல ஊருக்கு உரிமை கிடையாது. விற்ற நிலத்தின் வழியாக ஊருக்குப் பொதுவாக எது போய்க்கொண்டிருந்தது என்று கேட்க உரிமை உண்டு.

எங்களுக்கு அது தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

ஏரி மதகிலிருந்து வரும் பெரிய வாய்க்கால் சர்வே எண்ணோடு அரசு கணக்கில் இருக்கிறது. அதை யாரும் மூட முடியாது. ஆனால் பெரிய வாய்க்காலிலிருந்து கடைசி வயல் வரை தண்ணீர் எப்படிப் போகிறது? எங்கள் பக்கம் வயலுக்கு வயல்தான் பாய்கிறது. மேல் கழனிக்காரர் வரப்பில் மடை திறந்துவிட்டால் அடுத்த கழனிக்கு வரும். சில இடங்களில் வரப்போரமாக இரண்டடி அகலத்தில் கால்வாய் வெட்டியிருப்பார்கள். தாத்தா காலத்திலிருந்து ஓடினாலும் அது பட்டா நிலத்துக்குள் ஓடுகிறது. புல வரைபடத்தில் ஒரு கோடுகூட இருக்காது. மனைப் பிரிவுக்கு அனுமதி கேட்டு கோப்பு போகும்போது அதிகாரிகள் அந்த வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். அதில் இல்லாத வாய்க்கால் அவர்களைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

மழைத் தண்ணீரும் இதே கதைதான். 14 ஏக்கரையும் கிராவல் கொட்டி மூன்றடி உயர்த்தப் போவதாகச் சொன்னார்கள். மனை வாங்குகிறவர் தாழ்வான இடத்தை வாங்க மாட்டார், அதனால் அவர்களுக்கு அது தேவை. ஆனால் அதுவரை மேட்டுப் பக்கம் பெய்யும் மழையெல்லாம் அந்தக் கழனிகளில் நின்று, வடிந்து, மெதுவாகக் கீழே வரும். உயர்த்திவிட்டால் அது நேராகப் போய் நிற்கும் இடம் அம்பேத்கர் நகர், எங்கள் ஊர் தலித் மக்கள் குடியிருக்கும் தெரு. ஊரில் மிகத் தாழ்வான இடம் அதுதான். எந்த ஊரிலும் அவர்களுக்கு அப்படிப்பட்ட இடத்தைத்தானே ஒதுக்கினார்கள்.

அம்பேத்கர் நகரில் கேட்டதைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. முதல் இரண்டு வாரம் நாங்கள் அந்தத் தெருவுக்குப் போகவே இல்லை. நிலம் வைத்திருப்பவர்களின் பிரச்சினை என்று நாங்களாகவே முடிவு செய்துவிட்டோம். அது தப்பு. போனபோது ஒரு அக்கா வாசலிலேயே எங்களை நிறுத்திக் கேட்டார்: "முந்நூறு மனை வரப்போவுதுன்னு சொல்றீங்க. இங்க ஒரே வூட்ல மூணு குடும்பம் படுத்துக் கெடக்குறோம். அந்த முந்நூறுல எங்களுக்கு ஒண்ணாவது இருக்குதா?"

இல்லை. 1,200 சதுர அடி மனையின் விலை அவர்களுடைய பல வருடக் கூலி. இத்தனைக்கும் அந்த 14 ஏக்கரில் களை எடுத்து, கதிர் அறுத்து, மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிய கைகள் அவர்களுடையவை. நிலம் கைமாறியதும் அந்தக் கூலியும் போய்விடும். நிலத்தை விற்றவருக்குப் பணம் கிடைக்கிறது. அதில் நாற்பது வருடம் உழைத்தவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. ஊரில் வீடு உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான், அவர்களை யாரும் கேட்கவில்லை, நாங்கள் உட்பட. அன்றைக்கே மனுவில் அவர்களுடைய வீட்டுமனைப் பட்டா கோரிக்கையையும் சேர்த்தோம்.

இளைஞர்கள் பலர் திட்டத்தை விரும்பினார்கள். ரோடு அகலமாகும், கடைகள் வரும், கட்டட வேலை கிடைக்கும், 20 பிள்ளைகூட இல்லாத தொடக்கப் பள்ளிக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பக்கத்து ஊரில் பத்து வருடத்துக்கு முன் போட்ட மனைப் பிரிவை நான் அவர்களோடு போய்ப் பார்த்தேன். ஏழெட்டு வீடு இருந்தது. மற்றதெல்லாம் நட்ட கல்லும் சீமைக் கருவேலமும்தான். வாங்கியவர்கள் முக்கால்வாசிப் பேர் விலை ஏறட்டும் என்று வெளியூரில் காத்திருக்கிறார்கள். கல்லுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கிடையாது. நில மதிப்பு ஏறி, ஊரைப் பேரூராட்சி ஆக்கிவிட்டால் நூறு நாள் வேலை போய்விடுமே என்று சில பெண்கள் கேட்டதும் நியாயமான கேள்விதான்.

சரி, என்ன செய்தோம்? 2023 ஆகஸ்ட் 15 கிராம சபையில் பேசினோம். திட்டத்தை நிறுத்து என்று தீர்மானம் கொண்டுவர ஒரு பகுதியினர் விரும்பினார்கள். பெரியப்பா எழுந்து, "நான் வாங்கின முன்பணத்த நீங்க திருப்பிக் குடுப்பீங்களா?" என்றார். கூட்டம் கலைந்துபோகும் நிலை. கடைசியில் நிறுத்துவதைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதினோம். வயல் கால்வாயை வரைபடத்தில் காட்டி அகலத்தோடு விட வேண்டும். பூங்காவுக்கு ஒதுக்கும் பொது இடம் தண்ணீர் வடியும் மேற்கு மூலையில் இருக்க வேண்டும், அங்கே மண் உயர்த்தக் கூடாது. அம்பேத்கர் நகரில் இடமில்லாத குடும்பங்களுக்கு அரசு நிலத்தில் பட்டா வேண்டும். இதற்குப் பெரியப்பாவும் கையெழுத்துப் போட்டார். விற்றவர் நால்வரில் மூவர் போட்டார்கள்.

பொது இடத்தைப் பற்றி ஒரு கணக்கு. தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில் சாலை போக மீதியுள்ள இடத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 14 ஏக்கரில் சாலைக்கு நாலு ஏக்கர் போனால், ஊருக்கு வரவேண்டியது ஏறக்குறைய ஒரு ஏக்கர். அது எந்த மூலையில் வருகிறது என்பதை முன்கூட்டியே கேளுங்கள். பத்திரம் பதிவானதா என்றும் பிறகு கேளுங்கள். பதிவாகாமல் விட்டால் நாளைக்கு அதையும் மனையாக்கி விற்றுவிட வாய்ப்பு இருக்கிறது.

தீர்மான நகல், கால்வாயில் தண்ணீர் ஓடும்போது எடுத்த போட்டோக்கள், நான்கு தலைமுறையாகப் பாய்கிறது என்று கடைமடைக்காரர்கள் எழுதிய வாக்குமூலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்குப் போனோம். மூன்று முறை போனோம். மூன்றாவது முறைக்குப் பிறகு சர்வேயர் வந்தார். அவரோடு மதகிலிருந்து கடைசி வயல் வரை கால்வாய் ஓரமாகவே நடந்தோம். எல்லாவற்றிலும் அந்த நடைதான் எங்களுக்குக் கைகொடுத்தது என்பது என் எண்ணம். காகிதத்தில் இல்லாததை அவர் கண்ணால் பார்த்தார்.

அனுமதி வந்த வரைபடத்தில் கால்வாய் இருந்தது, ஆறடி அகலத்தில். மேற்கு மூலையை மட்டும் அவர்கள் விடவில்லை. பொது இடத்தைக் கிழக்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். 2024 கோடையில் கிராவல் லாரிகள் ஓடின. அந்த வருடம் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் பக்கமும் பேய் மழை. காலையில் போய்ப் பார்த்தேன். கால்வாய் கரை உடையாமல் ஓடிக்கொண்டிருந்தது. என் நிலமும், கீழே உள்ள இருபது பேர் நிலமும் இரண்டே நாளில் வடிந்துவிட்டன. மேற்கே அம்பேத்கர் நகரில் ஐந்து வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். எங்களை வாசலில் நிறுத்திக் கேட்ட அக்காவின் வீடும் அதில் ஒன்று. அதற்கு முந்தைய பெருமழைகளில் அந்தத் தெருவில் தண்ணீர் வந்தது உண்டு, திண்ணைக்கு மேல் ஏறியது கிடையாது. நாங்கள் கால்வாய்க்காக மூன்று முறை போனதைப் போல் மேற்கு மூலைக்காக நான்காவது முறை போயிருக்க வேண்டும். எங்கள் வயலுக்கு வழி கிடைத்ததும் நின்றுவிட்டோம். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உங்கள் ஊரில் இன்னும் அனுமதி வரவில்லை என்றால் நேரம் இருக்கிறது. அரசின் இணையச் சேவையிலேயே புல எண்ணைப் போட்டுப் புல வரைபடத்தையும், நிலம் யார் பெயரில் என்ன வகையில் இருக்கிறது என்று சொல்லும் அ-பதிவேட்டையும் எடுக்கலாம். வரைபடத்தில் இல்லாத வழிகளைப் பெரியவர்களைக் கேட்டுப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைத் திட்டம் ரெராவில், அதாவது மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையத்தில் பதிவாக வேண்டும், அந்தத் தளத்தில் அவர்கள் கொடுத்த வரைபடம் கிடைக்கும், இரண்டையும் ஒப்பிடுங்கள். கிராம சபை இப்போது வருடத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குள் விற்கிறவர்கள் வீட்டிலும் போய் உட்காருங்கள். அவர்களைத் துரோகி என்று பேசி ஒதுக்கினால் கையெழுத்துக் கிடைக்காது, அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஊரிலேயே தாழ்வான தெருவுக்குப் போங்கள், நாங்கள் கடைசியாகப் போன மாதிரி போகாதீர்கள்.

300 மனையில் இன்றைக்கு நான்கு வீடுதான் கட்டியிருக்கிறார்கள். அங்கே குடிவந்த ஒரு குடும்பத்தின் பெண் பிள்ளை எங்கள் தொடக்கப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். அம்பேத்கர் நகர் பட்டா கோரிக்கை இன்னும் தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது, வீடு கட்ட மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். ஆனால் சொந்தமாக இடம் இருந்தால்தான் கட்ட முடியும். மேற்கு மூலையில் சாலைக்கு அடியில் ஒரு குழாய்ப் பாலம் போட்டுத் தண்ணீரை வடிகாலுக்குத் திருப்பலாம் என்று ஊராட்சிப் பொறியாளர் சொல்லியிருக்கிறார். அந்த மனுவையும் பட்டா மனுவையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அந்த அக்காவும் நானும் இன்னும் சிலரும் திருவண்ணாமலைக்குப் போய் வருகிறோம்.