போக்கா மேட்ச் டிக்கெட் கேட்ட தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் புவெனஸ் ஐரிஸுக்கு வேலைக்கு வருவதாகவும், வாடகை, சைவச் சாப்பாடு, போக்கா ஜூனியர்ஸ் கால்பந்து கிளப்பின் மேட்ச் டிக்கெட் மூன்றைப் பற்றியும் சொல்லும்படியும் கேட்டிருந்தீர்கள். வாடகையை ஆபீஸ்காரர்களிடம் கேளுங்கள். அரிசி, பருப்பு கிடைக்கும். புளி மட்டும் ஊரிலிருந்து கொண்டுவந்துவிடுங்கள். டிக்கெட் விஷயத்தைத்தான் நான் சொல்லியாக வேண்டும்.

வெளியாளிடம் வாங்கவே வாங்காதீர்கள். கிளப் உறுப்பினர்களுக்கே இடம் போதாத ஸ்டேடியம் அது. நான் வந்த வருஷம் 2007. ஜூன் மாதக் குளிர், தென்னமெரிக்க கிளப்புகளுக்கான லிபர்தாதோரெஸ் கோப்பை இறுதி, இரண்டு ஆட்டங்களில் முதலாவது, பிரேசிலின் கிரேமியோ எதிரணி. அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒருவனிடம் டிக்கெட் வாங்கினேன். வாசலில் மெஷின் சிவப்பு விளக்கு காட்டியது. போலி. ஸ்பானிஷில் நாலு வார்த்தை தெரியாமல் பிராண்ட்சென் தெருவில் நின்றேன்.

எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த பெரியவர் என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து நாற்காலி எடுத்துப் போட்டு, மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையை நீட்டி, ரேடியோவைச் சத்தமாக வைத்தார். கோல் விழுந்தபோது ரேடியோ சொல்வதற்கு முன்பே நாற்காலியின் கால்கள் அதிர்ந்தன. ஸ்டேடியத்தின் பெயர் பொம்பொனேரா. “பொம்பொனேரா நடுங்காது, துடிக்கும்” என்று இங்கே சொல்வார்கள். அன்றைக்கு என் உள்ளங்காலில் அது தெரிந்தது. போக்கா 3-0 என்று வென்றது. அடுத்த வாரம் கிரேமியோவின் ஊரான போர்த்தோ அலெக்ரேயில் போக்காவின் ரிக்கெல்மே இரண்டு கோல் போட்டு ஆறாவது கோப்பையைக் கொண்டுவந்தார்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் அந்தக் கடைக்குப் போவேன். ஸ்பானிஷ் அங்கே கற்றதுதான். 1905-இல் இந்த கிளப்பைத் தொடங்கியவர்கள் இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகள் என்று பெரியவர் சொன்னார். ஜெனோவாவிலிருந்து கப்பலில் வந்த குடும்பங்கள். அதனால்தான் போக்காகாரர்களுக்கு இன்றும் ‘ஸெனெய்ஸே’, அதாவது ஜெனோவாக்காரர், என்று பெயர். சட்டைக்கு நிறம் முடிவாகாமல், துறைமுகத்துக்கு அடுத்து வரும் கப்பலின் கொடி நிறம் என்று வைத்தார்களாம். வந்தது ஸ்வீடன் கப்பல். நீலமும் மஞ்சளும் அப்படி வந்ததாகச் சொல்வார்கள். 2000-இல் டோக்கியோவில் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று வென்ற கதையைச் சொல்லும்போது அவர் எழுந்து நின்றுவிடுவார். அங்கே மாலை, இங்கே காலை. போக்காவின் பாலெர்மோ ஆறு நிமிடத்துக்குள் இரண்டு கோல்.

நம் ஆட்கள் சிலர்மேல் எனக்கு வருத்தம் உண்டு. சுற்றுலாப் பயணிகள் கூடும் காமினிதோ தெருவில் சட்டை வாங்கி, படம் எடுத்து, “போக்காவும் பிடிக்கும், ரிவர் பிளேட்டும் பிடிக்கும்” என்பார்கள். இரண்டும் பரம எதிரிகள், இந்த ஊரில் அப்படி ஒரு பேச்சே கிடையாது. ரிவரும் போக்காவைப் போலவே லா போக்கா என்ற இந்தத் துறைமுகப் பகுதியில் பிறந்ததுதான், பிறகு வடக்கே வசதியான பக்கம் போய்விட்டது. ரிவரின் சிவப்பு-வெள்ளைச் சட்டையோடு லா போக்காவுக்கு வராதீர்கள். 2018 டிசம்பர் 9-ஐப் பற்றி ஆபீஸில் வாயே திறக்காதீர்கள். லிபர்தாதோரெஸ் இறுதியில், மாட்ரிட்டில், ரிவரிடம் 3-1 என்று தோற்ற நாள் அது, இன்னும் ஆறவில்லை.

உறுப்பினர் ஆவதற்குப் பெயர் கொடுத்துவிட்டு, வருஷக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். நான் காத்திருந்தேன். கார்டு கிடைத்த அன்று முதலில் பெரியவரிடம்தான் காட்டினேன். இப்போது அவர் இல்லை. மகள் கடையைப் பார்க்கிறார். வந்ததும் எழுதுங்கள். லா போக்காவுக்கு மெட்ரோ கிடையாது, 152-ஆம் நம்பர் பஸ் ஏறுங்கள். ரேடியோ அதேதான், நாற்காலி இப்போது இரண்டு இருக்கிறது.